மெஷினில் கை மாட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின்) ஓட்டியவன் நான். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு அங்கேயே போயிற்று. அதன்பிறகு எனக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை வைத்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்பத்தூர், திருமுடிவாக்கம், கிண்டி, ஒரகடம் எங்கிருந்து வந்தாலும் கேள்வி என்னவோ ஒன்றுதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"கை உள்ள மாட்டிக்கிச்சுன்னா மொதல்ல என்ன சார் பண்ணணும்?"

மெயினை அணையுங்கள். பதற்றத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பிரஸ்ஸில் மோட்டாரை அணைத்த பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது முழுசாக நின்ற பிறகு, மெஷின் தெரிந்த ஆள் ஒருவர் ராமை (மேலிருந்து இறங்கி அழுத்துகிற பாகம்) கையால் மேலே ஏற்றட்டும். ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். 108க்குப் போன் போடுங்கள்.

விரல் துண்டாகியிருந்தால் தேடி எடுங்கள். ஸ்கிராப் தொட்டியில் கிடந்தாலும் விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் லேசாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது, பட்டால் சதை உறைந்து வீணாகிவிடும். எங்கள் லைனில் ஒரு பையனின் விரலை டீக்கடை ஐஸ் டப்பாவில் அப்படியே போட்டுக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

பிரஸ்ஸில் நசுங்கிய விரலை ஒட்டுவது கஷ்டம். கத்தியில் வெட்டுப்பட்ட மாதிரி துண்டானதை ஒட்ட வாய்ப்பு அதிகம். அதை நீங்களே முடிவு செய்யாமல் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பேர் பெற்ற அறுவை சிகிச்சைப் பிரிவு பல வருஷமாக இருக்கிறது.

"கம்பெனிக்காரங்களே பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போயி செலவும் பண்ணாங்க. அதுல என்ன தப்பு?"

சிகிச்சையில் தப்பில்லை. எழுதுகிற இடத்தில்தான் வினை. ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஒரு வரி எழுதுவார்கள். என் விஷயத்தில் அந்த வரியை சூப்பர்வைசர் சொன்னார்: "வீட்டுல கதவுல நசுங்கிடுச்சு டாக்டர்." நான் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வலியில் வாய் வரவில்லை, வந்திருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பேனா தெரியாது. அந்த ஒரு வரியைப் பொய் என்று காட்ட எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

அதனால் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் "வேலை செய்யும்போது, இந்த மெஷினில், இத்தனை மணிக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்லட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது விபத்துப் பதிவேட்டில் ஏறும். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் விபத்துக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, கம்பெனியில் விபத்துப் புத்தகம் இருக்க வேண்டும். அதில் உங்கள் விபத்து ஏற வேண்டும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் விபத்து அறிக்கையை முதலாளி 24 மணி நேரத்துக்குள் இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அனுப்பினார்களா என்று வீட்டிலிருந்து யாராவது வாட்ஸாப்பில் எழுதிக் கேட்கட்டும். பதில் வராவிட்டாலும், கேட்ட தேதி நிற்கும்.

"எனக்கு இ.எஸ்.ஐ. இருக்கா இல்லையான்னே தெரியாதுண்ணே. எப்படிப் பாக்குறது?"

சம்பளச் சீட்டைப் பாருங்கள். சம்பளத்தில் 0.75% பிடித்திருந்தால் அது இ.எஸ்.ஐ. முதலாளி தன் பங்காக 3.25% கட்ட வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். உங்களுக்கென்று ஒரு காப்பீட்டு எண் இருக்கும். அதை வைத்து இணையதளத்தில் எந்த மாதம் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பக்கத்து பிரவுசிங் சென்டர் பையன் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவான்.

"இ.எஸ்.ஐ.ல லீவுக்குச் சம்பளம் வருமா?"

வரும். காயத்தால் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 90% கிடைக்கும். 'தற்காலிக ஊனப் பயன்' என்பார்கள். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்து நடந்த நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போகமுடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குணமாகும் வரை எத்தனை மாதமானாலும் வரும். இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுக்கிற சான்றிதழை விடாமல் வாங்கிக் கிளை அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிகிச்சைக்கு நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் அயனாவரம் போவார்கள், தென்பக்கத்துக்காரர்கள் கே.கே. நகர். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்தான். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

"விரல் போனதுக்கு எவ்ளோ சார்?"

எல்லோரும் நாற்காலியில் உட்காரும் முன்னே கேட்கிற கேள்வி இது. ஒவ்வொரு உறுப்புக்கும் இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30%, அதன் நுனிக்கணு மட்டும் போனால் 20%. ஆள்காட்டி விரல் முழுசாக 14%, இரண்டு கணு 11%, ஒரு கணு 9%. நடுவிரல் 12%. மோதிர விரலோ சுண்டு விரலோ 7%. ஒரே கையில் இரண்டு விரல் 20%, மூன்று விரல் 30%, நான்கு விரல் 50%. விரல் இருந்தும் மடக்கவே முடியாமல் முழுசாகப் பயனற்றுப் போனால், அதுவும் போனதற்குச் சமம்தான்.

இ.எஸ்.ஐ.யில் கணக்கு இப்படி: தினச் சம்பளம் 600 என்று வையுங்கள். அதில் 90% என்றால் 540. எனக்குப் போன மாதிரி 11% என்றால் நாளுக்கு 59 ரூபாய் 40 காசு, 30 நாளுக்கு 1,782. மூன்று விரல் போனவருக்கு மாதம் 4,860. இதுதான் 'நிரந்தர ஊனப் பயன்'. சாகும் வரை வரும், நீங்கள் வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. உயிரோடு இருப்பதற்கான சான்றை மட்டும் விடாமல் கொடுத்துவர வேண்டும். தொகையைக் கேட்டதும் முகம் சுண்டிப்போகும், எனக்கும் சுண்டியது. ஆனால் இருபத்தைந்து வயசுப் பையனுக்கு இது எத்தனை வருஷம் வரும் என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்தப் பணம் தானாக வராது. லீவு முடிந்து வேலைக்குத் தகுதி என்று கடைசிச் சான்றிதழ் கொடுத்ததும், மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பியுங்கள். 12 மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். தற்காலிகப் பணம் வாங்கியதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு.

"கையில 18,000 வாங்குறேன், புத்தகத்துல 11,000தான் காட்டியிருக்காங்க. எதை வச்சு குடுப்பாங்க?"

புத்தகத்தில் உள்ளதை வைத்துத்தான். இது தெரியாமல் "கையில காசு வந்தா போதும்" என்று இருந்துவிடுகிறோம். வங்கியில் போட்ட தொகை, ஜி-பே, வவுச்சர், ஓ.டி. சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். உண்மைச் சம்பளம் இவ்வளவு என்று இ.எஸ்.ஐ.யிடம் புகார் கொடுக்கலாம்.

"கை போன மறுநாள்தான் என் பேருக்கு இ.எஸ்.ஐ. நம்பரே போட்டாங்க. செல்லுமா?"

செல்லும். சந்தா கட்டினாரா இல்லையா என்பது முதலாளிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் நடுவில் உள்ள வழக்கு. கட்ட வேண்டிய நிலையில் வேலைக்கு இருந்தவர் என்றால், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவர் காப்பீடு பெற்றவர்தான். 2003இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில். இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளும்.

சிக்கல் வேறு இடத்தில். பதிவு செய்த தேதியைத் தோதாக வைத்து, "இவன் இன்னைக்குத்தான் சேர்ந்தான்" என்பார்கள். அதற்கு முன்பே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும்: கேட் பதிவேடு, முன் மாதச் சம்பளம் ஏறிய பாஸ்புக், ஷிப்ட் குரூப்பில் சூப்பர்வைசர் போட்ட மெசேஜ், ஆயுத பூஜைக்கு மெஷின் முன்னால் நின்று எடுத்த போட்டோ. ஒருவருக்கு அந்தப் பூஜை போட்டோதான் கை கொடுத்தது. மாலை போட்ட பிரஸ், பக்கத்தில் பத்து விரலோடு இவர்.

"எங்க பட்டறையில மொத்தமே ஆறு பேரு. இ.எஸ்.ஐ. கிடையாது. அப்போ ஒண்ணுமே இல்லையா?"

இருக்கிறது. 1923ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். பழைய ஆட்கள் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்பார்கள். ஆள் எண்ணிக்கை ஒரு தடையில்லை. இங்கே பணத்தை முதலாளியே தர வேண்டும், அதுவும் மொத்தமாக. முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60%, அதோடு வயசுக்கான காரணி எண்ணைப் பெருக்க வேண்டும். பகுதி ஊனம் என்றால் அதில் மேலே சொன்ன பட்டியல் சதவீதம். 25 வயசுக்குக் காரணி 216.91, 40 வயசுக்கு 184.17. கணக்குக்கு எடுக்கிற சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000. நீங்கள் 22,000 வாங்கினாலும் 15,000 என்றுதான் போடுவார்கள்.

25 வயசு, சம்பளம் 15,000, மூன்று விரல்: 9,000ஐ 216.91ஆல் பெருக்கினால் 19,52,190. அதில் 30% என்றால் 5,85,657 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு இதில் சேராது, அதைத் தனியாக முதலாளி கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12% வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50% வரை அபராதமும் விழும்.

மனு போடுகிற இடம் இழப்பீட்டு ஆணையர். நம் ஊரில் தொழிலாளர் துணை ஆணையர்தான் அந்த வேலையைப் பார்க்கிறார். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்கு எந்த அதிகாரி என்று சொல்வார்கள்.

"இங்கயும் வாங்கிட்டு அங்கயும் வாங்கலாமா?"

முடியாது. இ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. லட்சக்கணக்கைப் பார்த்துவிட்டு, "எனக்கு இ.எஸ்.ஐ.யே இல்லைன்னு சொல்லிடறேன்" என்று கிளம்பாதீர்கள். சந்தாப் பதிவு ஒரு நொடியில் வெளியே வந்துவிடும்.

"நான் கான்ட்ராக்ட் ஆளு. கம்பெனி எங்களுக்குச் சம்பந்தமில்லைங்குறான், கான்ட்ராக்டர் போனே எடுக்கல"

உங்களைக் கூட்டிவந்தவர் கான்ட்ராக்டராக இருக்கலாம், மெஷின் யாருடையது? இ.எஸ்.ஐ. சட்டத்தில் கான்ட்ராக்ட் ஆளுக்கும் சந்தா கட்ட வேண்டிய முதல் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது கம்பெனிக்கு. பிறகு கான்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்வது அவர்கள் பாடு. இழப்பீட்டுச் சட்டத்திலும், கம்பெனி தன் தொழிலுக்கான வேலையைத் தன் இடத்தில் கான்ட்ராக்டர் மூலம் செய்ய வைத்தால் நீங்கள் கம்பெனியையே நேராகக் கேட்கலாம். மனுவில் இரண்டு பேரையும் சேருங்கள்.

அப்ரண்டிஸ் பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள். அப்ரண்டிஸ் சட்டத்தில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஆனால் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். வெறுமனே 'ட்ரெய்னி' என்று பேர் வைத்து மெஷினில் நிறுத்தியிருந்தால் நீங்கள் தொழிலாளிதான்.

"மெஷின் பாதுகாப்பு கார்டைக் கழட்டுனது நான்தான்னு எழுதி வாங்கிட்டாங்க. இனிமே எதுவும் வராதாண்ணே?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப்பேர் தப்பு தன்மேல்தான் என்று நம்பிக்கொண்டே வருகிறார்கள்.

பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் (அச்சுக்குள்) எப்படிப் போகும்? அதற்குத்தான் அந்த ஏற்பாடு. நான் ஓட்டிய மெஷினில் இடது பட்டனை ஒரு சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் அங்கே சேரும்போதே அது அப்படித்தான் இருந்தது. கறுத்து, எண்ணெய் ஊறி, மெஷினோடு பிறந்தது போல இருக்கும். ஒரு கையால் பட்டன், மறு கையால் பீஸ் எடுக்கலாம். ஷிப்டுக்கு ஆயிரம் பீஸ் கூடுதலாக வரும். அந்தக் கூடுதல் கணக்கு தினமும் போர்டில் எழுதப்பட்டது. டியூப்பை யாரும் பார்த்ததாக எழுதவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போடுவதும், ஓடும்போது அது இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் தொழிற்சாலைச் சட்டத்தின்படி நிர்வாகத்தின் கடமை. இழப்பீட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக்கென்று வைத்தது தெரிந்தும் தொழிலாளி வேண்டுமென்றே அதைக் கழற்றினால் முதலாளி தப்பிக்க ஒரு வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் அந்த வாதம் எடுபடாது. மற்ற காயங்களிலும் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது முதலாளி தலையில். கவனக்குறைவு, அசதி, பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி அரை மணி, இதெல்லாம் 'வேண்டுமென்றே' ஆகாது. இ.எஸ்.ஐ.யில் இன்னும் தெளிவு: விதியை மீறிச் செய்திருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்தது என்றால் அது வேலை விபத்தே.

ஆகவே கழட்டியதாக எழுதிக் கொடுத்திருந்தாலும் கதை முடியவில்லை. அந்தத் தாளை எந்த நிலையில், யார் எழுதி, எங்கே வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று உடனே ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். மெஷினைப் பழைய நிலையில் யாராவது போட்டோ எடுத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த சாயங்காலமே புதுக் கார்டு மாட்டிவிடுவார்கள்.

"முதலாளி நல்லவருதான் சார். ஒரு லட்சம் தர்றேன், பாண்டு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கறாரு"

நல்லவராகவே இருக்கட்டும். ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி அந்த வாசகம் செல்லாது. சட்டம் தந்த இழப்பீட்டை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் எதுவுமே செல்லாது. சமரசம் பேசி முடிப்பதாக இருந்தால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவரே பதிய மறுக்கலாம். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வருகிறவர் பையில் பேப்பரும் இருக்கும்.

"போலீஸுக்குப் போகணுமா? போனா வேலை போயிடுமே"

இழப்பீடு வாங்க எஃப்.ஐ.ஆர். கட்டாயமில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்னது போல ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டால் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். மெஷின் விஷயத்தில் அலட்சியமாக இருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 289ஆம் பிரிவு இருக்கிறது. 2024 ஜூலைக்கு முந்தைய விபத்து என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 287. ஆதாரம் மறைக்கப்படுகிறது என்று தோன்றினால் புகார் கொடுங்கள். மெஷின் பாதுகாப்பு பற்றிய புகார் என்றால் அதற்கு உரிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

"கேஸ் போட்டா எவ்ளோ நாள் இழுக்கும்? வக்கீலுக்குக் குடுக்கக் காசில்ல"

இழுக்கும், பொய் சொல்ல மாட்டேன். சில வழக்கு ஒரு வருஷம், சிலது நாலைந்து வருஷம். ஆனால் ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. ஆணையர் உத்தரவு போட்டபின் முதலாளி உயர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் முழுத்தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். "வர்றதுல முப்பது பர்சென்ட்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கார்டு நீட்டுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

"டாக்டர் 30%தான் போட்டாரு. ஆனா என்னால அந்த வேலையே பாக்க முடியாதே"

இந்தக் கேள்வியில்தான் பணம் அதிகமாக மாறும். பட்டியலில் இருப்பது குறைந்தபட்ச அளவுகோல். இழப்பீட்டுச் சட்டத்தில் பார்க்க வேண்டியது உடம்பு எவ்வளவு போனது என்பதை மட்டுமல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதையும். 1976இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. அவர் முதலாளி; இடது கை முழங்கைக்கு மேலே போனது அவரிடம் வேலை பார்த்த தச்சருக்கு. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100% என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விபத்து நடந்த அன்றே பணம் கொடுக்கும் பொறுப்பு பிறந்துவிடுகிறது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எல்லா விரலுக்கும் 100% கிடைத்துவிடாது. ஆனால் டர்னருக்கோ வெல்டருக்கோ என்ன வேலை போயிற்று என்பதை மனுவில் விளக்கமாக எழுத வேண்டும்.

இதை மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் சதவீதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு போர்டு, வேறு கணக்கு. அங்கே 40% வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மூன்று விரல் போனவருக்குக்கூட வராமல் போகலாம்.

"லீவுல இருக்கும்போதே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க"

இ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனப் பணம் வாங்குகிற காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, அந்த நோட்டீஸ் செல்லாது. "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னால், வேலைக்கு வரத் தயார் என்று பதிவுத் தபால் அனுப்பி ரசீதை வையுங்கள். இல்லாவிட்டால் "அவனாக நின்னுட்டான்" என்பார்கள். குணமான பிறகு வேறு லேசான வேலை தந்தே ஆக வேண்டும் என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்த வலுவான சட்டம் இல்லை. அரசு வேலையில் உண்டு. இது நியாயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் கோபம்தான்.

"எங்க வீட்டுக்காரர் கன்வேயர்ல மாட்டிப் போயிட்டாரு. யார்கிட்ட போகணும்னு தெரியல"

அம்மா, இ.எஸ்.ஐ. இருந்தால் அவர் சம்பளத்தின் 90% குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. ஈமச் செலவுக்கு 15,000. இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் மாதச் சம்பளத்தில் 50%ஐக் காரணியால் பெருக்கிய தொகை. முதலாளி அதை உங்கள் கையில் கொடுக்கக்கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். பங்காளிகள் யாரும் வாங்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல், வாரிசுச் சான்று மூன்றும் வேண்டும். அவருடைய செல்போனை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வேலைக்கான ஆதாரம் அதில் இருக்கலாம்.

"எங்க ரூம்ல ஒரு பீகார் பையன். கை போனதும் ட்ரெயின் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவனுக்கு இனி முடியாதா?"

முடியும். அவன் குடியிருக்கிற ஊர் ஆணையரிடமும் இழப்பீட்டு மனு போடலாம், சென்னை வரத் தேவையில்லை. இ.எஸ்.ஐ.யும் நாடு முழுக்க ஒன்றுதான். நீங்கள் இங்கே செய்ய வேண்டியது: அவனோடு வேலை பார்த்தவர்கள் பேர், மெஷின் விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புவது.

"புதுச் சட்டம் வந்துடுச்சாமே. நீங்க சொல்றதெல்லாம் பழசா?"

2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இழப்பீடும் இ.எஸ்.ஐ.யும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன, தொழிற்சாலைச் சட்டம் வேறொரு தொகுப்புக்குள். நான் பழைய பேர்களைச் சொல்வது, எல்லோர் வாயிலும் அவைதான் இருக்கின்றன என்பதால். கணக்குப் போடுகிற முறை ஏறக்குறைய அப்படியே. முன்பு நடந்த விபத்துக்கு அன்றைய சட்டம்.

மாறியவற்றில் இரண்டு சொல்கிறேன். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நடக்கிற விபத்து இ.எஸ்.ஐ.யில் ஏற்கெனவே இருந்தது, இப்போது இழப்பீட்டுப் பகுதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து, பாதுகாப்பு விதியை மீறியதால் உயிரோ உறுப்போ போனால், கோர்ட் போடும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குத் தரச் சொல்லலாம். முன்பு அது அரசு கஜானாவுக்குத்தான் போகும். கெட்டதும் இருக்கிறது: கரண்டில் ஓடுகிற பட்டறை 'தொழிற்சாலை' ஆக முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பல இதில் வெளியே போய்விடும்.

"எனக்கு நடந்து மூணு வருஷமாச்சு. இப்போ வந்தா பிரயோஜனம் உண்டா?"

இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருஷம்தான் காலம். ஆனால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம். "பணம் தர்றோம்னு சொல்லிச் சொல்லி இழுத்தாங்க" என்பதற்கு மெசேஜ் ஏதாவது இருந்தால் அது நல்ல காரணம். இ.எஸ்.ஐ. போர்டு விண்ணப்பத்திலும் தாமதத்தை விளக்கி எழுதிப் பார்க்கலாம். வரும்போது ஆதார், சம்பளச் சீட்டோ பாஸ்புக்கோ, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாமும், எக்ஸ்ரே இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். கம்பெனி பேரைவிட விபத்து நடந்த தேதியும் எந்த ஷிப்ட் என்பதும் சரியாக ஞாபகம் இருக்கட்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் மற்றதைத் தேட ஆரம்பிப்பேன்.